என் இதயம் நன்றாக இருப்பது குறித்து

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. அங்கு நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் சௌக்கியம். இதை மரியாதைக்காக எழுதவில்லை, புகாராக எழுதுகிறேன். போன வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து நான் சௌக்கியமாக இருக்கிறேன், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். போனில் கேட்டபோது இருமல் வரும்வரை சிரித்தீர்கள். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் சிரிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் காகிதக் கிடங்கில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கெல்லாம் உடம்பைச் சோதிக்க வேண்டும் என்று புதிதாக ஒரு சட்டம் போட்டு, ஒரு சின்ன வயது டாக்டரம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். அந்தம்மா என்னை ஓடுகிற பட்டை மேல் ஏறி நடக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டு, இருபத்தாறு வருடமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கும் இதயச் சான்றிதழின் நகலை எடுத்து நீட்டினேன். "இத யாரு குடுத்தது?" என்றார். டாக்டர் என்றேன். "என்ன டாக்டர்?" என்றார். பல் டாக்டர் என்றேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் நெஞ்செல்லாம் ஒயரை ஒட்டினார்கள், நடக்க வைத்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு, "சார், உங்க இதயத்துக்கு ஒண்ணுமே இல்ல. சொல்லப்போனா அதிகம் உபயோகிக்காத மாதிரி இருக்கு" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். அப்போது நான் கிடங்கின் மூன்றாவது மாடிக்குக் காகிதக் கட்டு சுமந்துகொண்டிருந்தேன். தினமும் உங்களிடம் வந்து முதுகு போச்சு, இடுப்பு போச்சு என்று புலம்பினேன், ஒப்புக்கொள்கிறேன். நடுவில் கடைவாய்ப் பல் வலித்தது, உங்கள் சிநேகிதர் பல் டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். அவர் பல்லைப் பிடுங்கிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார், உங்களைப் பார்த்தார், இரண்டு பேரும் வெளியே போய்க் குசுகுசுவென்று பேசினீர்கள். மறுநாள் ஒரு கவரை ஒட்டிக் கொடுத்து, "மேனேஜர்கிட்ட குடு. நீயா எதுவும் பேசாத, மூஞ்சிய மட்டும் கொஞ்சம் சோகமா வச்சுக்க" என்றீர்கள். நான் பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன். இதயம் பலவீனம், சுமை தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, கோபப்படக் கூடாது என்று இருந்தது. மூஞ்சியைச் சோகமாக வைக்க நான் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வாய்க்குள் பார்த்தே தெரிகிற அளவுக்கு இதயம் கெட்டுக் கிடக்கிறது என்று நினைத்தேன். தம்பி தாங்கமாட்டான் என்றுதான் அண்ணன் மறைக்கிறார், அவர் மனது நோகக் கூடாது என்று நானும் உங்களிடம் போன வியாழக்கிழமை வரை வாய் திறக்கவில்லை. நீங்களோ, "டேய், நீ சொமை தூக்க வேணாம்னுதான் பொய்யா எழுதி வாங்கினேன், நீயும் தெரிஞ்சே நடிக்கிறேன்னுல்ல நெனச்சேன். எடம் மாத்திக் குடுத்தப்புறமும் விடாம நடிச்சியே, சரி, வீட்டு வேலைக்கு டிமிக்கி குடுக்கிறான்னு விட்டுட்டேன்" என்கிறீர்கள். டிமிக்கி கொடுப்பவன் முப்பத்திரண்டு வயதில் உயில் எழுதுவானா? வேறு டாக்டரிடம் காட்டியிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். பல் டாக்டரே இவ்வளவு கண்டுபிடித்தால் இதய டாக்டர் என்னென்ன கண்டுபிடிப்பாரோ என்ற பயம்தான்.

வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, நல்ல சேதி என்று நம்பித்தான் சொன்னேன். உங்கள் தம்பி மனைவி அழுதாள், என் தலையைத் தடவினாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், பிறகு வாசலைக் காட்டி, "அப்ப அந்த சிலிண்டர உள்ள தூக்கிட்டு வாங்க" என்றாள். அன்றிலிருந்து நான் உட்காரவில்லை. பீரோவை நகர்த்தினேன், ஏணியில் ஏறி மின்விசிறியைத் துடைத்தேன், என் ஒருவனுக்காக இத்தனை வருடம் தரைத்தளத்தில் ஈரச் சுவரோடு குடியிருந்தோமாம், நாலாவது மாடியில் வீடு பார்த்துவிட்டாள், லிஃப்ட் கிடையாது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டே பார்த்திருக்கிறாள். இருபத்து நாலு வருடம் என்னிடம் நூலகத்தில் பேசுகிற மாதிரி பேசியவள், இப்போது பேசினால் பக்கத்து வீட்டில் பதில் சொல்கிறார்கள். முன்பெல்லாம் வாக்குவாதம் முற்றினால் லேசாக நெஞ்சில் கை வைப்பேன், சபை கலைந்துவிடும். வெள்ளிக்கிழமை அப்படி வைத்தபோது என் மகள், "கைய எடுங்கப்பா, அது நல்லாத்தான் ஓடுது" என்று படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள். கிடங்கில் என் பட்டப்பெயர் கண்ணாடிச் சாமான். அந்தப் பெயரோடு மின்விசிறிக்கு அடியில் கை வைத்த நாற்காலி ஒன்றும் இருந்தது. திங்கட்கிழமை போனால் நாற்காலியைக் காணோம். மூன்றாவது மாடியில் ஆள் போதவில்லை என்று மேனேஜர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நாற்காலி போகட்டும். எனக்கு ஆறாதது ஒன்றுதான். நானும் தெரிந்தேதான் நடித்தேன் என்று என் மனைவி முடிவு கட்டிவிட்டாள். போனில் நீங்கள் சொன்னது அவள் காதிலும் விழுந்துவிட்டது. "கூடப் பொறந்தவருக்கே அப்படித்தான் தெரிஞ்சிருக்கு, நான்தான் ஏமாளி" என்கிறாள். கல்யாணத்துக்கு முன்பே அவளிடம், எனக்கு அதிக நாள் கிடையாது, யோசித்துச் சொல் என்றேன். எத்தனை நாளோ அத்தனை நாள் போதும் என்று அழுதுகொண்டே சம்மதித்தவள் அண்ணா அவள். இப்போது, "அதுவும் நாடகந்தானே?" என்று கேட்கிறாள். இதற்கு நான் என்ன சொல்ல? நடிக்கிறவனாக இருந்தால் மகள் சைக்கிள் பழகியபோது நானே பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியிருக்க மாட்டேனா? பக்கத்து வீட்டுக்காரர் ஓடினார். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நேராப் பாரு, நேராப் பாரு என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் மெதுவாக. யாருக்கு வேண்டும் அப்படி ஒரு சுகம்? ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, அவள் எதிரில் நின்று, இவனுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் சொல்லாமல் விட்டேன் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். வராவிட்டால் அண்ணன் தம்பி உறவு இத்தோடு முறிந்தது. இருபத்தாறு வருடமாகக் கோபப்படாமல் இருந்தவன் எழுதும் முதல் கோபக் கடிதம் இது. பழக்கம் இல்லாததால் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணிக்கு என் பணிவான வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்களுக்குரிய மரியாதையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆனாலும் நீங்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
பூரண ஆரோக்கியத்துக்கு ஆளாக்கப்பட்ட தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், நாலு மணித் தபால் வண்டி பெட்டியைக் காலி செய்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தது. உங்களை இன்றைக்கே திட்டியாக வேண்டும் என்ற வேகத்தில் ஓட ஆரம்பித்துவிட்டேன். ஓடுகிறேன் என்பதே பாதித் தெரு தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு செருப்பு மருந்துக்கடை வாசலில் நின்றுவிட்டது. ஒரு கை பழக்கதோஷத்தில் நெஞ்சைப் பிடித்திருக்க, இன்னொரு கை கடிதத்தை ஆட்ட, முட்டி இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போயின. வண்டி போய்விட்டது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு தடதடவென்று அடித்தது அண்ணா, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறாள், சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் தண்ணீர். "இப்படி ஓடுற மனுஷன் திருட்டுத்தனமாக்கூட ஒரு நாளும் ஓடியிருக்க முடியாது. நெசமாவே நம்பித்தான் உக்காந்திருந்திருக்கீங்க" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரை விடவில்லை. ஆகையால் நீங்கள் வர வேண்டாம், மேலே எழுதியதில் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். உறையைக் கிழித்து இதைச் சேர்த்திருக்கிறேன், நாளைக்குத் தபாலில் போடுகிறேன். வண்டி நாலு மணிக்கு வருகிறது. மறுபடி ஓட வேண்டுமே, நான் நாலு மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் புறப்படலாம் என்று இருக்கிறேன்.