ரெசிஸ்டர் பார்க்கும் படலம்

ஒரு விளக்கை எரிய வைப்பதற்கு முன் அதைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜென்சியில் கணக்கெழுதும் வன்னியபெருமாளின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பதுபோலத் தோன்றும். அவரை நீங்கள் பார்த்திராவிட்டாலும் அவருடைய இனத்தைப் பார்த்திருப்பீர்கள். எதையும் முடிவுசெய்யுமுன் இன்னொரு தடவை பார்த்துவிடுகிற இனம். இவர்கள் தவறே செய்வதில்லை. எதையாவது செய்தால்தானே?

லாரி ஓட்டும் தங்கதுரை, குலசேகரன்பட்டினம் தசராவில் நேர்ச்சைக்குக் காளி வேடம் போடுகிறவர். அந்தக் கூட்டத்தில் காளிகள் மட்டுமே நூற்றுக்கணக்கில் நடப்பார்கள். போன வருடம் அவருடைய ஆறு வயது மகள் இந்துமதி, வேறு யாரோ ஒரு காளியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் போய்விட்டாள். ஆகவே இந்த வருடம் கிரீடத்தின் உச்சியில், எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, பேட்டரியில் எரியும் ஒரு பெரிய எல்.இ.டி. வேண்டும். விரதம் தொடங்கிய அன்றே, ஓய்வு நேரத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் வன்னியபெருமாளிடம் கிரீடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பத்தோரு நாள் இருக்கிறதே என்ற தைரியம்.

நாற்பது நாளும் ஒரு ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுப்பதில் போயின. பேட்டரியோடு நேராக இணைத்தால் எல்.இ.டி. கருகிவிடும், நடுவில் மின்சாரத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் வேண்டும். எந்த அளவில்? பேட்டரி நிறைந்திருக்கும்போது பொருந்துவது, அது தீரும்போது மங்கலடிக்கும். தீரும்போது பொருந்துவது, நிறைந்திருக்கும்போது கருக்கிவிடும். எல்லா நேரத்துக்கும் பொருந்துகிற ஒன்று உலகத்தில் உண்டா என்பது ஆழமான கேள்விதான். தசராவுக்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி அல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்த நோட்டு நிறைந்ததும் இரண்டு ரெசிஸ்டர்கள் மிஞ்சின. ஏழரை ஓம் போட்டால் வெளிச்சம் கடற்கரை முழுக்கத் தெரியும், ஆனால் கிரீடத்துக்குள் ரெசிஸ்டர் தோசைக்கல்லாய்ச் சுடும். பத்து ஓம் போட்டால் சூடு குறையும், வெளிச்சமும் குறையும். ஒன்றில் தங்கதுரையின் தலை, மற்றதில் இந்துமதி. இரண்டையும் துணியில் சுற்றித் தன் வழுக்கையில் மாறி மாறி வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் வன்னியபெருமாள். இதை அக்கறை என்று சொல்லலாம். அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

தினமும் வந்து எட்டிப்பார்த்த தங்கதுரை, மாலை போட்டவர் கோபப்படக் கூடாது என்பதால், சிரித்த முகமாகவே கேட்டார்.

“அண்ணாச்சி, எரிஞ்சாப் போதும்லா?”

“எரியும் துரை. எம்புட்டு எரியணும்ங்கதுதான கேள்வி.”

வன்னியபெருமாளின் மனைவி வடிவம்மாள் உள்ளேயிருந்து சொன்னாள்: “என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போயி பதினோரு மாசம் கழிச்சுத்தான் சரின்னாவ. அதுவும் ‘சரி, பாப்போம்’னாவ.”

நாற்பத்தோராம் நாள் காலை வேடக்காரர்களின் வேன் வாசலில் வந்து நின்றது. வன்னியபெருமாள் நோட்டை மூடினார். முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டில் ஒன்றைப் பற்றவைத்து, மேலே டேப்பைச் சுற்றி, மற்றதைச் சாக்கடையில் எறிந்தார். ஐந்தே நிமிடம்.

இந்துமதி அப்பாவைக் கண்டுபிடித்தாள். தங்கதுரையின் தலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எதைப் போட்டார், ஏன் அதைப் போட்டார் என்று வன்னியபெருமாள் யாரிடமும் இன்றுவரை சொல்லவில்லை; கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுகிறார்.

ஏழரையா, பத்தா? மேலே எங்காவது துப்பு இருக்கிறதா என்று திரும்பப் போய்த் தேடப் போகிறீர்களா? தாராளமாகத் தேடுங்கள். உங்களுக்காக யாரோ காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.