பத்தொன்பதைப் பூட்டி வைத்த பதிமூணு

வேலையை விட்டுப் போகிறவனைக் கடன் கொடுத்தவன் துரத்துவான், கேண்டீன்காரர் துரத்துவார். ஆனால் துரத்திப் பிடித்து நல்லது செய்தே தீருவேன் என்று நின்ற ஒரே ஆள், எனக்குத் தெரிந்து இந்தச் சென்னை மாநகரத்திலேயே பதிமூணு ஒருவர்தான். அந்த நல்லதிலிருந்து தப்பிக்க நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தி.நகரில் ஒரு மின்விசிறிக் கம்பெனியின் ஆபீஸில் எனக்கு வேலை. ஊருக்கெல்லாம் காற்று விற்ற எங்கள் ஆபீஸில் உருப்படியாக ஓடியது ஒரே ஒரு ஃபேன். அதற்கு நேர் கீழே பதிமூணின் நாற்காலி. மயிலாப்பூர்க்காரர், நாற்பத்துச் சொச்சம் வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் எல்லோருடைய பி.எஃப். விவகாரமும் அவர் இலாகா. அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி முதலாளியிலிருந்து பியூன் ஏழுமலை வரை எல்லோருக்கும் அவர் பதிமூணுதான்.

பெயர்க் காரணம் இதுதான். அப்போதெல்லாம் வேலை மாறுகிறவனுக்கு இரண்டு வழி. பழைய கம்பெனியில் சேர்ந்த பி.எஃப். பணத்தை அப்படியே புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பதிமூன்றாம் நம்பர் ஃபாரம். அல்லது மொத்தத்தையும் கையில் வாங்கிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம்; அதற்குப் பத்தொன்பதாம் நம்பர் ஃபாரம். நாங்கள் அத்தனை பேரும் பத்தொன்பதின் பக்தர்கள். கலர் டி.வி., தங்கை கல்யாணம், மச்சினன் காதுகுத்து என்று ஆளுக்கொரு வேண்டுதல் இருந்தது.

பதிமூணுக்கு அந்தப் பத்தொன்பதைக் கண்டாலே ஆகாது. அந்த ஃபாரங்களை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்து வைத்திருந்தார். பதிமூன்றாம் நம்பரோ சட்டைப்பையில் இரண்டு, சாப்பாட்டுப் பையில் நாலு, குடைக்குள் சுருட்டி ஒன்று என்று சர்வ வியாபகமாக இருந்தது. பிரிவுபசார விழாவில் கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுக்கும். இவர் மூலையில் மஞ்சள் தடவிய ஃபாரம் பதிமூன்றைக் கொடுத்து, "எடுத்துடாதே. மாத்திக்கோ" என்பார். அதுதான் அவருடைய வாழ்த்துரை முழுவதும்.

எங்கள் டைப்பிஸ்ட் கல்யாணத்தில் நடந்தது இன்னும் விசேஷம். மாப்பிள்ளைக்குப் பெங்களூர், பெண்ணும் அங்கேயே வேலை தேடிக்கொள்வதாக ஏற்பாடு. மேடையேறி மொய்க்கவரை நீட்டிய பதிமூணு, அங்கேயே பிரிக்கச் சொல்லி அடம் பிடித்தார். உள்ளே நூற்றியொரு ரூபாயும் ஃபாரம் பதிமூன்றும். மாப்பிள்ளையின் அப்பா பதறிப் போய், "இது என்ன பத்திரம்? தாலி கட்டி அரை மணி ஆகலை, அதுக்குள்ள கையெழுத்து கேக்கறீங்க?" என்று எழுந்துவிட்டார். "கையெழுத்து இப்ப வேண்டாம். அங்க வேலை கெடைச்சப்புறம் போட்டா போதும்" என்றார் பதிமூணு, ரொம்பச் சமாதானமாக. அன்று பெண் வீட்டுக்காரர்கள் அவரைச் சாப்பாட்டுப் பந்தி வரை கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

என் முறை வந்தது. அடையாறில் ஒரு மருந்துக் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. குடியிருப்பது அசோக் நகர், போக வர இரண்டு பஸ். எனவே பி.எஃப். பணத்தை எடுத்து ஸ்கூட்டர் வாங்குவது என்று நானும் என் மனைவி வசந்தாவும் தீர்மானித்து, கலர்கூட முடிவு செய்துவிட்டோம். பச்சை.

ஒரு சிக்கல் இருந்தது. வேலையை விட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தவன்தான் பத்தொன்பது போடலாம். "தற்போது எங்கும் பணியில் இல்லை" என்று அதில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். பழைய கம்பெனியும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு எங்கள் ஆபீஸில் ஒரு மரபே உண்டு. புது இடத்தில் ஜம்மென்று சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவன், இரண்டு மாதம் கழித்து அரை நாள் லீவு போட்டுவிட்டு, வேலை கிடைக்காத விரக்தியில் இருப்பவனாக வேஷம் கட்டிப் பழைய ஆபீஸுக்கு வருவான். எனக்கு முன்னால் போன ஸ்டோர்ஸ் கீப்பர் தாடியெல்லாம் வளர்த்து வந்தார். பதிமூணு அவர் பையைக் காட்டி, "வேலையில்லாதவனுக்கு எதுக்கு ஓய் டிபன் பாக்ஸ்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அவர் பதிமூன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்.

நான் அந்தத் தவறைச் செய்யவில்லை. மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை, மடித்துவிட்ட பேண்ட், ரப்பர் செருப்பு. கையில் பையே இல்லை. வாசலில் ஏழுமலை என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இப்டி ஆயிட்ட? ஒரு டீயாவது சாப்ட்டியா?" என்று கண்கலங்கினார். அடுத்த கட்டத்துக்கு அதுவே எனக்குத் தெம்பு கொடுத்தது.

பதிமூணு என்னை ஏற இறங்கப் பார்த்தார். இறங்கிய பார்வை என் காலிலேயே நின்றது.

"செருப்பு போட்டுண்டு வந்தே, சரி. ரெண்டு கால்லயும் சுத்தி சாக்ஸ் தடம் இருக்கே. ஷூவைக் கழட்டி எவ்வளவு நாழியாச்சு?"

குனிந்து பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் ரப்பர் இறுக்கிய தடம், கொலுசு போட்ட மாதிரி இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வந்தவன் கணுக்காலில் மாட்டிக்கொண்டேன்.

"சார், என் பணம் சார். நான் என்ன வேணா செய்வேன். உங்களுக்கு ஏன் சார்?" என்றேன் கோபமாக.

"உன் பணம்தான். இங்க நாலு வருஷம் அஞ்சு மாசம் சர்வீஸ் உனக்கு. அஞ்சு வருஷம் ஆகறதுக்குள்ள எடுத்தா கம்பெனி போட்ட பங்கும் வட்டியும் வருமானம்னு ஆயிடும். டாக்ஸ் கட்டணும். மாத்திண்டா ஒரு பைசா டாக்ஸ் கெடையாது. அங்க நீ பாக்கற ஒவ்வொரு மாசமும் இதோட சேர்ந்துக்கும். ரெண்டு மாசம் ஆயாச்சு, இன்னும் அஞ்சே மாசம்டா. அதுக்குள்ள ஸ்கூட்டர்ல ஏறி எங்க போகப் போறே?"

நான் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் சைக்கிள் மணி. மயிலாப்பூரிலிருந்து அசோக் நகர் வரை மிதித்து வந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக வசந்தாவிடம் போய், காபியை வாங்கிக்கொண்டு, நான் ஆபீஸில் கேட்ட அதே கணக்கைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். பதினைந்து நிமிஷம்.

"ஏங்க, அஞ்சு மாசம் கழிச்சு வாங்கினா ஸ்கூட்டர் ஓடாதா?" என்றாள் வசந்தா.

"பச்சை கலர் வேணும்னியே?"

"பச்சை எங்க போயிடப் போவுது? கையெழுத்தப் போடுங்க."

போட்டேன். அதோடு விட்டாரா? பதிமூன்றாம் ஃபாரம் புதுக் கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும். நான் அதை மேஜைக்கடியில் தள்ளிவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். திங்கட்கிழமை தன் கணக்கில் லீவு போட்டுவிட்டு அடையாறில் எங்கள் ரிசப்ஷனில் வந்து உட்கார்ந்துகொண்டார். கையெழுத்தாகும் வரை எழுந்திருக்கவே இல்லை. மதியம் அங்கேயே தயிர்சாதம்.

சாயந்திரம் எங்கள் மேனேஜர் மேடம் என்னைக் கூப்பிட்டார். "வாசல்ல இருக்கறவர் யாரு?"

"என் பழைய கம்பெனி, மேடம். என் பி.எஃப். விஷயமா வந்திருக்கார்."

"வேலைய விட்டுட்டுப் போனவனுக்காக வந்து உக்காந்திருக்காரா?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி ஆள் இருக்கற இடத்த விட்டுட்டு நீங்க ஏன் வந்தீங்க?"

"வீட்டுக்குப் பக்கம், மேடம்" என்று உளறினேன், இரண்டு பஸ் மாறி வருகிறவன். சம்பளம் கூட என்று சொல்லியிருக்கலாம்.

அந்தப் பணம் என் புதுக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. ஸ்கூட்டரை ஆறு மாதம் கழித்துத் தவணையில் வாங்கினேன். பி.எஃப். பணத்தில் கைவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை, சைக்கிள் மணி கேட்டுவிடுமோ என்று பயம்.

ஐந்தாறு வருடம் ஓடியது. ஒரு நாள் ஏழுமலை அடையாறு ஆபீஸுக்கு என்னைத் தேடி வந்தார். மின்விசிறிக் கம்பெனியை மூடுகிறார்களாம். மாசக் கடைசியில் கட்டடத்தின் சாவியை ஒப்படைத்துவிடுவார்கள். கம்பெனியே மூடி ஆளை அனுப்பினால் பத்தொன்பதுக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம்; ஆனால் சாவி போன பிறகு ஃபாரத்தில் கையெழுத்துப் போடக் கம்பெனி சார்பில் யாரும் இருக்கமாட்டார்கள்.

"எல்லார்தும் முட்ச்சிட்டாரு சார். எனக்கு அவரே டிராயரத் தொறந்து பத்தொம்போது எட்த்துக் குட்த்தாரு. ஆனா அவருது மட்டும் போடமாட்டேன்னு அடம் புட்ச்சிக்கினு கீறாரு. இன்னும் நாலு நாளுதான் கீது. இர்வத்தாறு வருசத் துட்டு சார், மாட்டிக்கினா யாரு அலையறது? நீ வந்து சொல்லு."

போனேன். ஆபீஸே காலி. மேஜைகளைக்கூட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒரே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு நாற்காலி, நாற்காலியில் பதிமூணு, மடியில் பத்தொன்பதாம் நம்பர் ஃபாரம். எல்லாக் கட்டங்களையும் மணிமணியாக நிரப்பியிருந்தார். கையெழுத்து இடம் மட்டும் காலி.

எனக்குக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? "என்ன சார், டாக்ஸ் வந்துடும்னு பயமா?"

"இருபத்தாறு வருஷ சர்வீஸுக்கு ஏதுடா டாக்ஸ்? எனக்கே சொல்லித் தரியா?"

"அப்ப போட வேண்டியதுதானே?"

அவர் ஃபாரத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். விரல் அந்த வரியில் இருந்தது. தற்போது எங்கும் பணியில் இல்லை.

"இந்த வரில எத்தனை பேர் பொய் எழுதிக் கொண்டு வந்து நீட்டியிருக்கான் தெரியுமோ? நீ, அந்த ஸ்டோர்ஸ்காரன், எல்லாரும். ஒருத்தனுக்கும் கை நடுங்கலை. எப்படி நடுங்கும்? வெளில போனா வேலை இருக்கு." ஃபாரத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். "நான் எழுதினா அது நெஜம்டா. அம்பது வயசு ஆயாச்சு. மூணு மாசமா எட்டு எடத்துல கேட்டுட்டேன். பதிமூணு போடணும்னா போற எடம் ஒண்ணு வேணுமேடா."

அவரை நான் அதுவரை ஒரு தொந்தரவாகவும் வேடிக்கையாகவும் மட்டுமே பார்த்திருந்தேன். அத்தனை பேரையும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பத்திரமாக மாற்றி அனுப்பிய மனிதருக்குப் போக இடமில்லை.

"நாலு நாள் இருக்கில்ல சார்? கையெழுத்துப் போட்டுடாதீங்க" என்றேன். அந்த ஆபீஸ் சரித்திரத்தில் பதிமூணிடம் ஒருவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மேனேஜர் மேடத்தின் அறைக்குப் போனேன். நீளமாக ஒரு சிபாரிசுப் பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்தினார்.

"ரிசப்ஷன்ல தயிர்சாதம் சாப்பிட்டாரே, அவரா?"

"அவர்தான், மேடம்."

"டைம் ஆபீஸ்ல, வருகைப் பதிவு, பி.எஃப். எல்லாம் பாக்கற இடம் ஒண்ணு காலியா இருக்கு. சம்பளம் கம்மி. வருவாரா?"

வந்தார். அடுத்த திங்கட்கிழமை புது ஷூ, புது சாக்ஸோடு வந்தார். நான் வாசலிலேயே காத்திருந்து ஒரு ஃபாரம் பதிமூன்றை நீட்டினேன். பழைய கம்பெனியின் கையெழுத்தை மாசக் கடைசிக்குள் ஏழுமலை வாங்கி வந்துவிட்டார். புதுக் கம்பெனி முத்திரையை நான் வாங்கியிருந்தேன். மூலையில் வசந்தா மஞ்சள் தடவிக் கொடுத்திருந்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"வேலையை விட்ட தேதியை, வேலைல சேர்ந்த தேதிக் கட்டத்துல எழுதியிருக்கே. ஒரு ஃபாரம் ஒழுங்கா நிரப்பத் தெரியலை உனக்கு" என்றார். பேனாவை எடுத்து, அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னதாக ஒப்பமும் வைத்தார். கீழே கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. பேனா சரியில்லை என்று அதன் மேல் பழியைப் போட்டார்.

அவர் ஓய்வு பெறும் வரை எங்கள் கம்பெனியிலிருந்து யாரும் பத்தொன்பது போட்டதாக நினைவில்லை. எனக்கு நடுவில் இரண்டு பெரிய இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. போகவில்லை. விட்டுப் போனால் மனுஷன் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்துவிடுவார் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். உண்மையில், அவர் இல்லாத ஆபீஸுக்கு இன்னொரு தடவை போக எனக்கு மனசு வரவில்லை.