சக்கை சார் கொடுத்த கடுக்காய்

உலகத்தில் எவனுக்கும் சாயம் வெளுத்தால்தான் மானம் போகும். வெளுக்காததால் மானம் போன ஒரே மனுஷர் எங்கள் சக்கை சார்தான்.

ஜவ்வாது மலையில் தண்ணி சுத்தம் என்று நம்பி, நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து ஓடைக்கரையில் சாயப்பட்டறை போட்டோம். போட்ட கையோடு அந்தச் சுத்தத்தையும் தீர்த்துக்கட்டினோம். ஓடையோரம் எங்களுக்குக் கீழே குடியிருந்த ராணியக்காவின் வெள்ளை மாடு தண்ணியில் இறங்கினால், நாலு காலுக்கும் மருதாணி வைத்த மாதிரி ஏறி வரும்.

"எம்மாட்டுக்கு இன்னா கல்யாணமா வெச்சிருக்கீங்க?" அக்கா வாசலில் நின்று கேட்டார். நாங்கள் ஆளுக்கொரு நூல்கட்டைக் குனிந்து பார்த்தோம். "வெள்ளிக்கெழம ஊரே வரும். தண்ணி தெளிவா வரணும். இல்லன்னா பட்டறைக்குப் பூட்டு."

அப்போது வந்து சேர்ந்தவர்தான் சார். கண்ணமங்கலத்தில் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுத்தவர்.

"சக்கைக்கு சாயத்த இழுத்து ஒட்ட வெச்சிக்கிற கொணம் உண்டுப்பா. காய வெச்சு, கருக்கி, பொடிச்சு டிரம்முல ரொப்பு. மேல செவப்பு ஊத்துனா கீழ பச்சத்தண்ணி வரும்."

"செவப்புக்கே செருப்படி. இதுல பச்ச வேறயா சார்?" என்றான் எங்கள் பங்காளி ஒருத்தன்.

சாரோடு சக்கை பொறுக்கப் போவதைப் போல வெட்கக்கேடு வேறில்லை. ஜூஸ் கடையில் ஜூஸ் வேண்டாம், கரும்புச் சக்கை போதும் என்பார். கலசப்பாக்கம் கல்யாண மண்டபத்தில் பலாத்தோலுக்காகப் பின்வாசலில் நின்றோம். சமையல்காரர் மனசு இளகி, "பந்தில ஒக்காருங்க சாமி" என்றார். "சோறு வாணாம், தோலு இருந்தா போடுங்க" என்றார் சார். மூட்டையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே என் மாமனார்!

மலை பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "எத்தினி மாடு சார் வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்லியே."

அவர் மூட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

ஆனால் கருக்கிய கரும்புச் சக்கையைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டுச் சோதித்தபோது தண்ணி நன்றாகவே தெளிந்தது. சார் அதோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு மலைப்பாசம் பொங்கிவிட்டது. "கடுக்கா காய்க்கிற மலைல, கீழ்நாட்டுக் கரும்புச் சக்கையா? மலைக்கு ஒரு மரியாத வாணாம்?" என்று கடுக்காய்த் தோலைக் கருக்காமல் பச்சையாகவே இடித்து, துருப்பிடித்த இரும்பு டிரம்மில் கொட்டினார்.

ஊர் கூடியது. மேலே சிவப்பு ஊற்றினோம். கீழே கறுப்பு வந்தது. சும்மா கறுப்பில்லை, பேனாவுக்கு ஊற்றலாம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மசி என்பது சாரே டியூஷனில் நடத்திய பாடமாம்!

ராணியக்கா விரலை நனைத்துப் பார்த்தார். "செவப்பு போச்சு, ஒத்துக்கறேன். ஆனா ஊருக்கே நல்லா கடுக்கா குடுத்தீங்க சார்!"

ஊர் சிரித்த சிரிப்பில் எங்கள் தலை தரையைத் தொட்டது. சார் தோள் துண்டைச் சுருட்டிப் பட்டறைக் குழாயில் அடைத்தார்.

"மூடிடுங்கப்பா. தெளியற வரைக்கும் ஒரு சொட்டு வெளிய போவக்கூடாது."

எங்கள் பிழைப்பும் அந்தத் துண்டோடு சேர்ந்து அடைபட்டது.

மறுநாளிலிருந்து சார் கைப்பம்பில் தண்ணி அடித்து, ராணியக்கா மாட்டுக்குக் குடம் குடமாகச் சுமந்தார். சரிவில் வழுக்கி விழுவார். காலிக் குடத்தோடு திரும்பி வந்து மறுபடி அடிப்பார். தொட்டியில் ஊற்றும்போது தலை மட்டும் நிமிராது. கடைசியில் அக்காவுக்கே தாங்கவில்லை.

"போதும் வுடுங்க சார். உங்களப் பாத்து மாடே வெக்கப்படுது. பழைய சக்கையவே போட்டு ஊத்துங்க. நான் மட்டும் வந்து பாக்கறேன்."

பிளாஸ்டிக் டிரம்மில் கருக்கிய கரும்புச் சக்கையை நிரப்பினோம். சாயத்தண்ணியை ஊற்றியதுமே சார் என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

"நான் பாக்க மாட்டேன். இன்னா கலர்னு நீயே சொல்லு."

தண்ணி சொட்டியது. ராணியக்கா கையில் ஏந்தினார். உள்ளங்கை ரேகை பளிச்சென்று தெரிந்தது.

"கலரே இல்ல சார். கண்ணத் தொறங்க."

சார் திறக்கவில்லை. என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்த கையையும் விடவில்லை. நானும் திரும்பவில்லை, அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்று, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன்.