வாழ்த்து அட்டையில் ஒரு மீசைக்காரர்

வெள்ளைப் பெயின்டுக்கு அடியிலிருந்து ஒரு மீசைக்காரர் பத்மஜாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் அங்கே இருக்க வேண்டியவரே இல்லை. அது வெங்கடசுப்ரமணியன் சாருக்கான வாழ்த்து அட்டை. ஆபீசில் மேனேஜராக இருந்தவருக்கு ரீஜனல் மேனேஜராகப் பிரமோஷன். மறுநாள், திங்கட்கிழமை காலையில் பாராட்டுக் கூட்டம். அடுத்த வாரம் அவர் கையெழுத்தில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர்கள் வரும் என்றும், பத்மஜாவுக்குக் காசர்கோடு என்றும் ஆபீஸ் முழுக்கப் பேச்சு. திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோட்டுக்குப் போவதற்குள் துபாய்க்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

கடையில் வாங்கிய அட்டையை எல்லோரும்தான் கொடுப்பார்கள். பத்மஜாவுக்குக் கையால் செய்யத் தெரியும். சாஸ்தமங்கலத்தில் சுசீலாபாய் டீச்சரிடம் கோடை வகுப்பில் கற்றது. "பேக்ரவுண்டுதான் உயிர்," என்பார் டீச்சர். "பேப்பரைக் கிழிச்சு ஒட்டணும், மேலே வெள்ளை அடிக்கணும், அதுக்கு மேலே கலர். அடியிலே இருக்கற எழுத்து, மேகத்துக்குள்ளே நிலா மாதிரி லேசாத் தெரியணும்."

நிலாவுக்குப் பதில் மீசை தெரிந்தது.

"ஏன்னா, செத்த இங்கே வாங்கோ. எந்தப் பேப்பரைக் கிழிச்சுத் தந்தேள்?"

கணவன் ஸ்ரீனிவாசன் காப்பி டம்ளரோடு வந்து நின்றான். "ஏதாவது ஒரு பேப்பர்னுதானே சொன்னே?"

"இது சரமப் பேஜ். செத்துப்போனவா போட்டோவாப் போடற பக்கம்."

அவன் குனிந்து பார்த்தான். "ஆமாம். நல்ல லட்சணமான முகம்."

"பாக்கிப் பேரெல்லாம் பெயின்டுலே மறைஞ்சாச்சு. இவர் ஒருத்தர் மட்டும் போகமாட்டேங்கறார்."

"ஏற்கெனவே போனவர்தானே."

புதிதாக ஆரம்பிக்கலாம் என்றால் கெட்டி அட்டை அது ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. ஜூன் மாத மழை வேறு. பத்மஜா இன்னொரு கை வெள்ளை அடித்தாள். பெயின்ட் தீரும் தறுவாயில் இருந்ததால் தண்ணீர் கலந்தாள். மீசைக்காரர் பனிமூட்டத்தில் நடந்து வருகிறவர் மாதிரி ஆனார். முன்பு வெறும் போட்டோவாக இருந்தவர், இப்போது ஆவியாகவே வந்துவிட்டார்.

சரி, டிஷ்யூ பேப்பர் ஒட்டினால் மூடிவிடும் என்று ஒட்டினாள். பசை ஊறியதும் டிஷ்யூ பேப்பர் கண்ணாடி போல் ஆகி, அவருடைய சிரிப்பில் ஒரு பல் கூடுதலாகத் தெரிந்தது.

"டிகாக்ஷனை ஊத்து," என்றான் ஸ்ரீனிவாசன். "பழுப்பு கலர்லே எல்லாம் ஒண்ணாப் போயிடும்."

ஊற்றினாள். பழைய வீட்டுக் கூடத்தில் மாட்டிய தாத்தா படம் மாதிரி ஆகிவிட்டது. ஈரத்தில் கல்லுப்பைத் தூவினால் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூக்கும் என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்து, அதையும் தூவினாள். பூத்தது. மீசைக்காரரின் கன்னம் முழுவதும் அம்மை போட்ட மாதிரி பூத்தது.

கடைசியாகத் தங்கப் பொடி. பசை ஈரம் எங்கே மிச்சம் இருந்ததோ அங்கேயெல்லாம் போய் ஒட்டிக்கொண்டது. அது அவருடைய தலையைச் சுற்றித்தான் மிச்சம் இருந்திருக்கிறது.

ஸ்ரீனிவாசன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சூடம் ஏத்தட்டுமா?" என்றான்.

பத்மஜாவுக்கு அழுகை வந்தது. "கேலியா பண்றேள்? நான் காசர்கோட்டுக்குப் போனா நீங்கதான் சமைச்சு சாப்பிடணும். அது ஓர்மை இருக்கட்டும்."

அதன் பிறகு அவன் கேலி செய்யவில்லை. தன் சட்டைப் பெட்டியைக் குடைந்து, கல்யாணத்தில் வந்த ஏதோ பரிசின் மேலிருந்த மெரூன் வெல்வெட் காகிதத்தை எடுத்துவந்தான். பத்மஜா அதைச் சதுரமாக வெட்டி, தங்க மையில் 'வாழ்த்துகள்' என்று எழுதி, மீசைக்காரரின் முகத்தின் மேல் நேராக ஒட்டினாள். ஒருவழியாக அவர் அடங்கினார்.

ஆனால் பசை காயவில்லை. சாயங்காலம் வரைக்கும் காயவில்லை. உதவி செய்யும் ஆர்வத்தில் ஸ்ரீனிவாசன் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினான். எடுத்தபோது வெல்வெட் சதுரமும் பெட்டியோடு வந்துவிட்டது. அட்டை அப்பளம் மாதிரி வளைந்து, மீசைக்காரர் மார்பை நிமிர்த்தி எழுந்து உட்கார்ந்தார். பத்மஜா இன்னும் கொஞ்சம் பசையைத் தடவி, சதுரத்தை மறுபடி ஒட்டி, நாலு ஓரமும் லேஸ் வைத்து, அரிசி டப்பாவைத் தூக்கி மேலே வைத்தாள்.

காலையில் கரமனையில் பஸ் ஏறும்போதும் மழை.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். பியூன் ஷிபு டீ கொடுத்தான். பத்மஜா அட்டையை நீட்டினாள். வெங்கடசுப்ரமணியன் சார் அதை வாங்கி, எல்லோரும் பார்க்கட்டும் என்று நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"நம்ம பத்மஜா கையாலேயே பண்ணினதாக்கும்," என்றார்.

வெல்வெட் சதுரம் மெல்ல, ஒரு அவசரமும் இல்லாமல், கீழே வழுக்கத் தொடங்கியது. முதலில் நெற்றி தெரிந்தது. பிறகு கண்கள். பிறகு மீசை. அதற்கும் கீழே, 'காலமானார்' என்பதற்கான மலையாளச் சொல் பாதி.

ஹாலில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்து, சாரும் அட்டையைத் தன் பக்கம் திருப்பினார்.

"சார், அது வந்து... பேக்ரவுண்ட்," என்றாள் பத்மஜா.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார்.

"எந்தப் பேப்பர்லே வந்தது இது? நான் இங்கிலீஷ் பேப்பர் மட்டுந்தானே வாசிக்கறேன்."

"போன வாரத்து மலையாளம் பேப்பர் சார். தெரியாம ஒட்டிட்டேன். மன்னிச்சுடுங்கோ சார்."

அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "மன்னிக்கறதா? எனக்கு இதை யாருமே சொல்லலையே, பத்மஜா. நீதான் சொன்னே," என்றார் தழுதழுத்து. "காசர்கோட்டை விடு. அதை நான் பாத்துக்கறேன்." அட்டையை மார்போடு அணைத்தபடி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூட்டம் அப்படியே கலைந்தது.

பத்மஜா டீ போடும் அறையில் போய் நின்று அழுதாள். காசர்கோடு தப்பியதுகூட மனசில் ஏறவில்லை. ஒரு மனுஷனின் சந்தோஷமான நாளில், பாடையையே கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஷிபு ஒரு தூக்குப் பாத்திரத்தைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தான்.

"சேச்சி எதுக்குக் கரையுது?"

"பாவம் ஷிபு, சார். அவருக்கு எவ்வளவு வேண்டப்பட்டவரோ. இப்படியா அவர் தெரிஞ்சுக்கணும்?"

ஷிபு பாத்திரத்தை எடுத்துக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"வேண்டப்பட்டவரா? வஞ்சியூர் கோர்ட்டிலே சாரோட பறம்பு நிலத்துக் கேஸிலே எதிர்க்கட்சி அந்த ஆளு. எல்லாருக்கும் பால்பாயசம் வாங்கிட்டு வான்னு இப்பத்தான் என்னை அனுப்பினாரு."