மெசின் அண்ணனின் இங்கிலாந்து வெட்டு

கிள்ளானில் மெசின் அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு புல்கூட முளைத்ததில்லை. முளைத்தாலும் அடுத்த சனிக்கிழமையைப் பார்த்ததில்லை. புல்வெட்டும் மெசினைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால் ரோஜாச்செடிகளும் நடுங்கும். ஒருமுறை என் வீட்டுத் துளசியையும் சேர்த்து வழித்துவிட்டு, "அதுதான் கோட்டத் தாண்டி வந்திருச்சு டீச்சர்" என்று செடி மேலேயே பழியைப் போட்டார்.

தன் தொழிலுக்கு 'இங்கிலாந்து வெட்டு' என்று பெயர் வைத்திருந்தார். ஜெஞ்சாரோம் பக்கம் ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவுக்குப் புல் வெட்டிய அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்ததாம். நாற்பது வருடமாக இதைச் சொல்லித்தான் வாடிக்கை பிடித்தார். இங்கிலாந்தை அவரும் பார்த்ததில்லை, கேட்டவர்களும் பார்த்ததில்லை. வசதியாகப் போயிற்று.

போன வருடப் பள்ளி விடுமுறையில் எங்கள் தெருவே திரண்டு இங்கிலாந்துக்குச் சுற்றுலா போனது. அண்ணனும் வந்தார். நான்காம் நாள், ஒரு கிராமத்தில் ஏதோ பழைய பிரபுவின் மாளிகைத் தோட்டம். நாங்கள் ரோஜாக்களோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, அண்ணன் புல்லைப் பார்த்தபடி நின்றுவிட்டார். இளம்பச்சை ஒரு பட்டை, கரும்பச்சை ஒரு பட்டை என்று கோடு போட்ட கைலியை விரித்தது போலக் கிடந்தது புல்தரை.

"இப்படி ஒருநாளும் நான் வெட்டுனதில்ல டீச்சர். நாப்பது வருசமா ஊர ஏமாத்திருக்கேன் போல."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, உட்கார்ந்து ஓட்டும் மெசினில் தோட்டக்கார வெள்ளைக்காரி ஒருத்தி வந்தாள். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாஸ், ஐ ஃபாலோ யூ, கேன்?"

நம் ஊரில் 'ஃபாலோ' என்றால் அதே வண்டியில் ஏறிக்கொண்டு கூடவே போவது. பாவம், அவளுக்கு அது எப்படித் தெரியும்? பின்னால் நடந்து வரப்போகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். மறுநொடி அண்ணன் அவள் இருக்கைக்குப் பின்னால் தொற்றிக்கொண்டிருந்தார். அவள் அலறினாள், வண்டி திரும்பியது, பிரபு வீட்டு லாவெண்டர் பாத்தியில் ஒரு மூலை காலி.

எங்கள் வழிகாட்டி நான்கு திசைக்கும் மன்னிப்புக் கேட்டார். அண்ணனோ புல்லில் குப்புறப் படுத்து மெசினுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கத்திக்குப் பின்னால் ஓர் உருளை. இது எதற்கு என்று சைகையில் கேட்டார். கோபம் தணியாமலேயே அவள் விளக்கினாள்: போகும்போது உருளை புல்லை ஒரு பக்கம் சாய்க்கும், திரும்பும்போது மறுபக்கம். அதுதான் பட்டை பட்டையாகத் தெரிகிறதாம்.

அண்ணன் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"இது வெட்டே இல்ல டீச்சர். தல வாரி விட்டிருக்காங்க. வெட்டு நம்ம வெட்டுதான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. விமானம் ஏறும்வரை இதையே எங்கள் காது புளிக்கப் புளிக்கச் சொன்னார்.

இந்த வருடம் முட்டிவலி அதிகமாகி, மகள் அவரைச் சுங்கை பூலோவில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். மெசினையும் விற்றாயிற்று. என் வீட்டு வாசலில் புல் மண்டிக் கிடக்கிறது. யார் யாரோ வந்து, "வெட்டணுமா ஆன்டி?" என்று கேட்கிறார்கள். "வேணாம் லா, எங்க ஆளு வருவாரு" என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

வரமாட்டார் என்று தெரியும். இருந்தாலும், அவர் வெட்டிய புல்லில் இன்னொருவர் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.