ஒரு 'வு' தொலைந்ததால் வந்து சேர்ந்த சைக்கிள்

பெருமதிப்புக்கும் பெரும்பகுதி வழுக்கைக்கும் உரிய தாய்மாமா அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் தலைப்பிள்ளை தலைதாழ்த்தி எழுதும் மடல். தாழ்த்தினால் முடி கண்ணில் விழுகிறது என்பதால் சீக்கிரமே நிமிர்ந்துவிட்டேன், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே அப்பா, அம்மா, தங்கச்சி, நான், என் தலை எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் அத்தையும், தங்கள் காதோரத்தில் இத்தனை வருஷமாகக் கட்சி மாறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நாலைந்து முடிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

நிற்க. (தாங்கள் அனுப்பிய சைக்கிள் மட்டும் நிற்காது. ஸ்டாண்ட் உடைந்துவிட்டது. விவரம் கீழே.)

சைக்கிள் முந்தாநாள் வந்து சேர்ந்தது. பார்சல் ஆபீஸ் மேனேஜரான தாங்களே கட்டிய பார்சல் அல்லவா, கயிற்றை அவிழ்க்கவே எங்களுக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. சாக்கைப் பிரித்தால் ஹேண்டில்பாரில் ஓர் அட்டை: 'முடி எடுத்த மருமகனுக்கு மாமாவின் அன்புப் பரிசு. இப்பதான்டா நீ மனுஷன்.' அப்பா அதை உரக்கப் படித்தார். படித்துவிட்டு என் தலையைப் பார்த்தார். அம்மா பார்த்தாள். தங்கச்சி பார்த்தாள். என் தலையோ, அன்றைக்கென்று பார்த்து ஷாம்பு போட்டுக் குளித்து, கல்யாண வீட்டுக்குக் கிளம்பினது மாதிரி பளபளவென்று தோளில் புரண்டுகொண்டிருந்தது.

"உன் அண்ணன்கிட்ட என்ன சொல்லித் தொலைச்சே?" என்று அம்மாவைக் கேட்டார் அப்பா. "உள்ளதைத்தான் சொன்னேன்! 'உன் மருமகன் முடிவு எடுத்துட்டான், இனிமே நாம சொல்ல ஒண்ணுமில்ல'ன்னேன். 'அப்பாடா, ரொம்ப சந்தோஷம்'னு அண்ணன் ஃபோனை வெச்சிருச்சு. எதுக்கு சந்தோஷப்படுதுன்னு எனக்கே புரியல" என்றாள் அம்மா. தங்கச்சிதான் துப்புத் துலக்கினாள். "அம்மா, நீ மெஷின் ஓட்டிக்கிட்டேதானே பேசினே?" ஆமாம் மாமா. அம்மா யார் வீட்டுக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டே தங்களோடு பேசியிருக்கிறாள். அந்தக் கடகட சத்தத்தில் 'முடிவு' என்கிற வார்த்தையிலிருந்து 'வு' மட்டும் நழுவி, திரைச்சீலை ஓரத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டுவிட்டது. தங்கள் காதுக்கு வந்து சேர்ந்தது 'முடி எடுத்துட்டான்'. போன தடவை வந்தபோது, "என்னிக்கு அந்தப் புதரை எடுக்கறியோ அன்னிக்கு உனக்கு சைக்கிள்" என்று வாக்குக் கொடுத்தீர்கள். வாக்குத் தவறாத மனிதர், உடனே அனுப்பிவிட்டீர்கள்.

ஆகவே திருத்தம். முடி எடுக்கப்படவில்லை. முடிவுதான் எடுக்கப்பட்டது. அந்த முடிவு என்னவென்றால், முடியை எடுப்பதில்லை என்பது.

"சலூன்காரர் மகன் இப்படிப் பண்ணலாமா?" என்று தாங்கள் கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. சலூன்காரர் மகன்தான் பண்ணணும் மாமா. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கழுத்துக்குக் கீழேதான் நான், கழுத்துக்கு மேலே அப்பாவின் கடை. வீட்டின் முன்னறை சலூன் என்பதால் நான் பின்னறையில் எங்கே ஒளிந்தாலும் குரல் வந்துவிடும். யாராவது ஒரு வாடிக்கையாளர், "ஓரத்துல எப்படி வரும்?" என்று கேட்டால் போதும், "டேய், இங்க வா!" தட்டில் கை வைத்தவன் அப்படியே எழுந்து போய் நிற்பேன். அப்பா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "இப்படி வரும்" என்பார். "பின்னாடி?" "திரும்புடா." அந்த ஆள் என் பிடரியை மாட்டைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்துவிட்டு, "இது எனக்கு எடுக்காதுங்க, வேற காட்டுங்க" என்பார். வேற காட்ட என்கிட்ட இன்னொரு தலையா இருக்கு? ஜவுளிக்கடை பொம்மைக்காவது கடை அடைத்தால் ஓய்வு. எனக்குக் கடை அடைத்த பிறகுதான் வேலையே. புதுக் கத்தரி வந்தால் என் தலை, புது ஸ்டைல் வந்தால் என் தலை. எல்லாருடைய தலையெழுத்தையும் மேலே இருக்கிறவர் எழுதுவாராம், என்னுடையதை மட்டும் அப்பா மெஷினில் எழுதினார்.

அந்த மெஷின்தான் கடைசியில் வினையாக முடிந்தது. வகுப்பு போட்டோவுக்கு முந்தின நாள், "புது மெஷின் எப்படி ஓடுதுன்னு பாக்கணும், உக்காருடா" என்றார். நன்றாகத்தான் ஓடியது. இடது காதில் கிளம்பி உச்சந்தலை வரைக்கும் ஜம்மென்று ஓடியது. அங்கே கரன்ட் போய்விட்டது. மறுநாள் காலையிலும் வரவில்லை. பாதித் தலை பாலைவனம், பாதித் தலை பசுஞ்சோலை. "கத்தரியாலயாவது மீதியை வெட்டி விடுங்கப்பா" என்று கெஞ்சினேன். "மெஷின் வேலையில கத்தரி வெச்சா தொழில் சுத்தம் போயிடும்டா. ஒரு பக்கம்தானே, மறுபக்கத்தைக் காட்டி நில்லு" என்றார். அந்த போட்டோவைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். வகுப்பே கேமராவைப் பார்க்கும்போது நான் மட்டும் பக்கத்துப் பையனின் காதில் ரகசியம் சொல்வதுபோல நிற்பேன். "ஏன்டா மருமகனே, போட்டோவுலகூடவா வம்பு பேசுவ?" என்று சிரித்தீர்கள். அது வம்பு இல்லை மாமா, வழுக்கை. தங்களுக்கே தெரியும் அந்த வேதனை.

அன்றைக்கு எடுத்த முடிவுதான் இது. இந்தத் தலையில் இனிமேல் நான் சொல்லாமல் ஒரு முடியும் விழாது. ஆனால் வளர்ப்பு என்பது லேசுப்பட்ட காரியமில்லை. (என் வளர்ப்பைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன பேசுகிறார்கள் என்பது வேறு விஷயம்.) முதலில் காதுக்கு மேல் குடை விரித்தது, தெருவில் 'காளான்' என்று பேர் வைத்தார்கள். அப்புறம் நாலா பக்கமும் விறைத்து நின்றது, 'துடைப்பம்' ஆனேன். கட்டலாம் என்றால் நீளம் போதாது, விடலாம் என்றால் கண்ணுக்குள் வரும். சாப்பிடும்போது எனக்கு முன்னால் அது ருசி பார்க்கும். பஸ்ஸில் கண்டக்டர் பின்னாலிருந்து, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றார். திரும்பினேன், "ஐயோ, தம்பியா!" என்று அவர் விசிலை விழுங்கப் பார்த்தார். தங்கச்சி மட்டும் இரக்கப்பட்டு ஒரு ஹேர்பேண்ட் கொடுத்தாள். அதில் பட்டாம்பூச்சி இருந்ததைச் சொல்லவில்லை. அதை மாட்டிக்கொண்டே கடைத்தெரு முழுக்கச் சுற்றி வந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் வேறு. "முடி காலரைத் தொடக் கூடாது, ரூல் தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். மறுநாள் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு போனேன். அதைப் பார்த்ததும் விசில் அவர் வாயிலிருந்து தானாக விழுந்தது.

"என்னடா இது?"

"காலரைத் தொடல சார்."

"தொடாத மாதிரி வெட்டிட்டு வாடான்னா..."

"முடியாது சார்."

"ஏன் முடியாது?"

"முடியாதுங்கற வார்த்தையிலயே முடி இருக்கு சார். அதையும் எடுத்துட்டா வெறும் 'யாது' சார். யாதுன்னா கேள்வி. கேள்வி கேட்டாலும் நீங்க திட்டுவீங்க."

மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார். ஓடினேன். கொண்டை அவிழவில்லை. கடைசிச் சுற்றில் அவரே, "எந்த ரப்பர்பேண்டுடா அது?" என்று கேட்டார். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாளாம், பள்ளிக்கூடம் போவதற்குள் சடை அவிழ்ந்துவிடுகிறதாம்.

வீட்டில்தான் யுத்தம் ஓயவில்லை. "ஊரே என் கடையில வந்து தலையைக் குடுக்குது. என் வீட்டுலயே ஒருத்தன் காடு வளர்க்கறான். பாக்கறவன் என்ன நெனைப்பான்?" என்கிறார் அப்பா. "டாக்டர் வீட்டுல இருக்கற எல்லாருக்கும் எப்பவும் ஊசி போட்டுக்கிட்டேவாப்பா இருக்காங்க?" என்றேன். சீப்பு பறந்து வந்தது. பிடித்து, அதிலேயே வாரிக்கொண்டேன். சீப்பையே காலை வாரிவிட்டவன் நான்.

இனி சைக்கிள் விவரத்துக்கு வருகிறேன். திருப்பி அனுப்புவது என்றுதான் தீர்மானம். ஆனால் ஓடாத சைக்கிளை அனுப்பிவிட்டார்கள் என்று தங்கள் பார்சல் ஆபீஸுக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாதே என்ற ஒரே நல்லெண்ணத்தில், நேற்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏறி ஓட்டிப் பார்த்தேன். அருமையான வண்டி மாமா. தெருமுனையில் திரும்பி இறக்கத்தில் வந்தேன் பாருங்கள், காற்று என் முடியையெல்லாம் பின்னால் பறக்க விட்டது. தலையில் ஒரு கொடி பறக்கிற மாதிரி இருந்தது. அந்த நிமிஷம் யாருக்கும் நான் சாம்பிள் இல்லை. அப்புறம் காற்று திசை மாறியது. பறந்த முடியெல்லாம் மொத்தமாக முகத்துக்கு வந்தது. முடியை ஒதுக்க ஒரு கையை எடுத்தேன், ஒதுக்கின இடத்தில் அப்பாவின் கடை போர்டு இருந்தது. வாசலில் நிற்குமே, 'முன்', 'பின்' என்று இரண்டு படம் போட்டது, அதே போர்டு. 'முன்' படத்தில் பரட்டைத் தலையோடு ஒருவர், 'பின்' படத்தில் அதே ஆள் மாப்பிள்ளைக் களையோடு. நான் நேராக 'முன்' ஆசாமியின் முகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டேன். முன்பின் யோசிக்காமல் ஓட்டியதால் 'முன்' போச்சு, 'பின்' மட்டும் பிழைத்தது. சைக்கிளின் ஸ்டாண்ட் உடைந்ததும் முன்சக்கரம் வளைந்து எட்டுப் போட்டதும் இப்படித்தான்.

அப்பா வெளியே ஓடி வந்தார். கத்தரியோடு வந்தார். கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் கிழிந்த போர்டைப் பார்த்தார், தரையில் கிடந்த என்னைப் பார்த்தார், முகமெல்லாம் முடியும் முடியெல்லாம் மண்ணுமாக நான் எழுந்ததைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "அப்படியே நில்லு" என்று ஃபோனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தார். பிடித்ததைப் பார்த்து அவருக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். நம்புவீர்களா மாமா? காளான் காலத்திலிருந்து இன்றுவரை இந்தத் தலையை நேராகப் பார்க்காதவர், போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்! பாசம் மாமா. கல்லுக்குள் ஈரம் கசிய ஆரம்பித்துவிட்டது. யுத்தத்தில் நான் ஜெயித்துவிட்டேன்.

ஆகவே என் இறுதி முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கள் சைக்கிளைத் தாங்களே வந்து எடுத்துக்கொள்ளலாம். எட்டுப் போட்ட சக்கரத்தைத் தட்டி மறுபடி பூஜ்யமாக்கப் பார்க்கிறேன். சைக்கிள் மட்டுமில்லை, தாங்கள் லாரியே அனுப்பினாலும் இந்தத் தலை மசியாது. இது என் தலை. இதில் வளருவது என் முடி. வெட்டுவேன் என்று கனவிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கங்கள். அத்தை தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதவும். தங்கள் காதோரத்து முடிகள் நீண்ட ஆயுளோடும் கூட்டம் குறையாமலும் வாழ என் ஆசிகள். வயதில் சிறியவன் ஆசி வழங்கலாமா என்று கேட்காதீர்கள், முடியில் நான்தான் பெரியவன்.

இப்படிக்கு,
சிக்கு விழுந்தாலும் சிக்காத,
தங்கள் மருமகன்

பின்குறிப்பு: (இது 'பின்' படத்தைப் பற்றிய குறிப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம்.)

மேலே உள்ளதை நேற்று எழுதி முடித்தேன். இன்று காலை தபாலில் போடக் கிளம்பினால் வாசலில் கூட்டம். புதுப் போர்டு வந்திருந்தது. 'பின்' ஆசாமி பழைய ஆள்தான். 'முன்' இடத்தில், வாய் பிளந்து, மண்ணும் முடியுமாக நான். இப்படி ஆளுயரப் படமாக ஆவேன் என்று யார் கண்டது? அம்மாக்கள் பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்து வந்து, "பாரு, இந்த அண்ணன் மாதிரி ஆயிடுவ!" என்று காட்டினார்கள். பிள்ளைகள் அலறிக்கொண்டு நாற்காலியில் ஏறின. அப்பாவுக்கு நிற்க நேரமில்லை. என்னைப் பார்த்ததும், "டேய், இங்க வா! எல்லாரும் நேர்ல பாக்கணுங்கறாங்க" என்றார். பழைய அதே 'இங்க வா'. "இந்த போர்டு இருக்கற வரைக்கும் அந்த முடியில கை வெச்சே, தொலைச்சிடுவேன்!"

மாமா, வெட்டு வெட்டு என்றபோது வளர்த்தவன் நான். வெட்டாதே என்றால் சும்மா இருப்பேனா? எதிர்த் தெரு சலூனுக்குப் போகலாம்தான், ஆனால் அவ்வளவு துரோகம் எனக்கே தாங்காது. அம்மாவின் துணி வெட்டுகிற கத்தரியைத் தங்கச்சி கையில் கொடுத்து உட்கார்ந்தேன். திரைச்சீலைக்கு ஓரம் கத்தரிக்கிற மாதிரி நேர்க்கோட்டில் கத்தரித்தாள். நேர்க்கோடு மட்டும் நேராக வரவில்லை.

அப்படியே கடைக்குள் போய் நின்றேன். அப்பா பார்த்தார். கூட்டமும் பார்த்தது. அவர் திட்டவில்லை. காலியான நாற்காலியைத் தட்டினார், துணியை உதறிக் கழுத்தில் கட்டினார், கண்ணாடியில் என்னைப் பார்த்து, எல்லாரிடமும் கேட்கிற, என்னிடம் மட்டும் இதுவரை கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எப்படி வெட்டணும்?"

என்னிடம், மாமா! தங்கச்சி வெட்டின கோணல் கோட்டைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். கடைசியில் சொன்னேன். "திரும்ப வளர்ற மாதிரி வெட்டுங்கப்பா."

"அதுதான்டா கஷ்டம்" என்றார். பிடரியைக் குறைத்து, மேலே இருந்ததை விட்டு, காதோரம் ஒழுங்கு பண்ணி, அவசரப்படாமல் வெட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருக்கிறது. முடித்ததும் ஃபோனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கொஞ்சம் தயங்கி, "'பின்' படம் ஒண்ணு எடுத்துக்கவா?" என்று கேட்டார். கவனியுங்கள் மாமா, கேட்டார்.

"முடியாது" என்றேன்.

தலையில் குறைந்தாலும் அந்த வார்த்தையில் முடி அப்படியேதான் இருக்கிறது. சைக்கிளும் அட்டையில் எழுதியபடி முடி எடுத்த மருமகனிடமே இருக்கும். எடுத்துப் போக வர வேண்டாம், ஸ்டாண்ட் மட்டும் ஒன்று அனுப்பவும்.