சொறித்தவளையின் தொழில் விவசாயம்

கல்முனைக் கரையில் தவளைக்கு முகவரி எழுதியவர் ஒருவர்தான். ஊர் அவருக்கு வைத்த பெயர் தவளைப் பரிகாரி, அதாவது தவளை வைத்தியர். ஆசுபத்திரியில் மலப் பரிசோதனை அவருடைய உத்தியோகம். தலைமைக் கிளாக்கர் நான்; வயதில் மூத்த அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் என் தலைமயிர் உதிர்ந்ததற்கு அவரே முழுப் பொறுப்பு.

மாரி பிறந்தால் சைக்கிளில் சட்டிகளைக் கட்டிக்கொண்டு சம்மாந்துறை வயலுக்குப் போவார். வயல்தவளை, மரத்தவளை, சொறித்தவளை, நகக்கண் அளவில் பெயரில்லாத ஒன்று, எல்லாம் வந்திறங்கும். அறுக்கமாட்டார். "தவளையக் கொல்லப்படாதெண்டு ஹதீஸ் இரிக்கி, தம்பி." அது தானாக வெளிக்குப் போகும்வரை காத்திருந்து, போனதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் புழுமுட்டை தேடுவார்.

"ஒவ்வொரு சாதித் தவளைக்கும் வேற வேற புழு, தம்பி."

"மனிசன்ட புழுவப் பாக்கத்தான் காக்கா உங்களுக்குச் சம்பளம்."

"அதப் பாத்து முடிச்சிட்டன். எல்லாருக்கும் ஒரே புழு."

பிறகு ஒவ்வொன்றையும் பிடித்த வாய்க்காலிலேயே கொண்டுபோய் விடுவார். அதற்குத்தான் முகவரி. அதை நான் பொறுத்தேன். பொறுக்க முடியாதது, அவர் அதை நோயாளிகளின் படிவத்தில் எழுதியது. பெயர்: சொறித்தவளை. தொழில்: விவசாயம். முகவரி: இரண்டாம் வாய்க்கால், தென்கரை. அதுவும் மூன்று பிரதிகள்.

புதிதாக வந்த பெரிய டொக்டர் ஒருநாள் சட்டிகளைக் கண்டார். "வெட்டிப் பார்த்து எழுதும். என்ட பேரில கொழும்புக்கு அனுப்புறன்."

"வெட்டமாட்டன், ஐயா."

"அப்ப பதுளைக்கு மாறிப் போம்."

பரிகாரி என் மேசைக்கு வந்து நின்றார். "பதுளையிலயும் தவள இரிக்கும், தம்பி. இந்தச் சட்டியில இரிக்கிறதுகள ஆரு கொண்டு விடுற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிவத்தை வீணாக்கினால் எழுத்தில் எச்சரிக்கை, இடமாற்றம் இல்லை. அடுத்தவன் உழைப்பில் தன் பெயரைப் போட எந்தச் சுற்றறிக்கை சொல்கிறது? படிவக் கட்டோடு டொக்டரிடம் போனேன்.

"மாற்றத்துக்குக் குற்றப்பத்திரம் வேணும், ஐயா. அதோட இந்தப் படிவங்களையும் இணைக்க வேணும்."

"இணைச்சிடும்."

"எல்லாத்துலயும் உங்கட கையெழுத்து இரிக்கி, ஐயா. இந்தச் சொறித்தவளைக்கு நீங்க பூச்சி மருந்து எழுதியிருக்கிறீங்க."

வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது டொக்டரின் வழக்கம். அன்று மட்டும் ஒவ்வொன்றாக வாசித்தார். மாற்றத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் கதைக்கவில்லை.

பரிகாரி மௌத்தாகிக் கனகாலம். மாரியில் என் குளியலறைக்குள் தவளை வந்தால் இன்றைக்கும் நான் விளக்குமாற்றை எடுப்பதில்லை. இது எந்த வாய்க்கால் என்று கேட்க ஆளில்லையே என்று சற்று நேரம் நிற்கிறேன்.